ஏழாவது ஃபாரம்

ஒன்றை எடுத்து இரண்டின் மேல் வைத்து, இரண்டோடு சேர்த்து மூன்றின் மேல் வைத்து, இப்படியே பன்னிரண்டு அடுக்கையும் சுற்றி வந்தால் ஒரு புத்தகம், சாப்பிட்டு வந்ததிலிருந்து பைண்டிங் கடையில் இதுதான் வேலை, எனக்கு முன்னால் ராக்கு அக்கா நடக்கிறது, அதற்குப் பின்னால் நான், மேசை நீளமானது, ஆனால் எவ்வளவு நீளமாக இருந்தாலும் சுற்றினால் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். பெரிய தாளில் அச்சடித்து வந்ததை மூன்று தடவை மடித்தால் பதினாறு பக்கம் ஆகும், மேல் ஓரமும் பக்க ஓரமும் இன்னும் வெட்டாததால் உள்ளே இருக்கிற பக்கங்கள் மூடியே கிடக்கும், கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கிற முதல் பக்கம் மட்டும். அதனால் இந்த மூன்று வருஷத்தில் நான் எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன் என்றும் சொல்லலாம், ஒன்றுகூடப் படிக்கவில்லை என்றும் சொல்லலாம். ஒன்றாம் பக்கம், பதினேழாம் பக்கம், முப்பத்து மூன்றாம் பக்கம், அப்படிப் பதினாறு பதினாறாகத் தாண்டித் தாண்டி. ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரு வரியைக் கூட்டிப் படிக்க நேரம் பிடிக்கும், ஆனால் ஒரே வரி நூறு தடவை கண்ணுக்குக் கீழே வந்தால் எழுத்துக் கூட்ட வேண்டியதில்லை, அதுவாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். மழை விட்ட பிறகும் தெருவில் ஆளில்லை, இது இரண்டாவது ஃபாரம். ஆறாவதில், வெந்நீர் வைத்துவிட்டு வந்து பார்த்தபோது பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. ஏழாவதில், தொண்ணூற்றேழாம் பக்கம், கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. எட்டாவதில் யாரோ கல்யாணத்துக்கு வந்து ஊர் திரும்பாமல் இருக்கிறார்கள். ஒன்பதாவதில், அந்தச் சின்னச் சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். ஏன் மடித்து வைத்தாள். பிள்ளை வளர்ந்து சட்டை பத்தாமல் போயிருக்கலாம், நானும் என் மகள் தன்ஷிகாவின் ஆறு மாதத்துச் சட்டையை அப்படித்தான் மடித்து வைத்திருக்கிறேன், எல்லாரும் வைப்பதுதான். அதுவாகத்தான் இருக்கும். ஆனால் வேறாகவும் இருக்கலாம், அது ஏழாவது ஃபாரத்துக்குள்ளே மூடிக்கிடக்கிற பதினைந்து பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது.

காலையில் தன்ஷிகாவின் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். நெற்றி சுட்டது, உள்ளங்கால் சில்லென்று இருந்தது. போன மாதம் ஆஸ்பத்திரியில் அந்த நர்ஸம்மா சொன்னது, கை கால் சில்லுன்னு இருந்தா காய்ச்சல் ஏறுதுன்னு அர்த்தம்மா, போத்தாதீங்க, துணிமணியைக் கழட்டி விட்டு ஈரத்துணியால தொடைங்க, ஃபேனைப் போடுங்க. நான் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து அத்தையிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன், அத்தை அப்போது அடுப்படியில் இருந்தார், பிறகு சொல்லலாம் என்று விட்டது விட்டதுதான். நாலு பிள்ளை பெற்று வளர்த்த மாமியாரிடம் ஒரு பிள்ளைக்காரி என்னத்தைச் சொல்வது. இன்றைக்குக் காலையில் நான் செருப்பைப் போடும்போது அத்தை கம்பளிப் போர்வையை எடுத்து இரண்டாக மடித்து அவள் மேல் போட்டு, ஃபேனை அணைத்து, வேர்த்தா விட்ரும், நீ போ, என்றார். நான் ஃபேன் ஸ்விட்சைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்த்தார். நான் போய்விட்டேன். வில்லாபுரத்திலிருந்து சிம்மக்கல் வரை ஷேர் ஆட்டோவில் வந்தேன், நடுவில் ஒரு தடவைகூட இறங்கித் திரும்பவில்லை. ஏன் இறங்கவில்லை என்று இப்போது கேட்டு என்ன பிரயோஜனம். ஏழாவதை எடுத்து எட்டின் மேல் வை. கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. போன மாதம் நாலு நாள் லீவு போட்டாகிவிட்டது, இன்னும் ஒரு நாள் என்று கடையைப் பார்த்துக்கொள்கிற சவரிமுத்து அண்ணன் முன்னால் போய் நின்று கேட்க எனக்கு வாய் வராது, அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை, திட்டக்கூட மாட்டார், என்னம்மா என்று நிமிர்ந்து பார்ப்பார், அந்த நிமிர்ந்து பார்ப்பதுதான். பள்ளிக்கூடத்திலும் டீச்சர் நிமிர்ந்து பார்த்தால் எனக்குத் தெரிந்த பதிலும் வயிற்றுக்குள் இறங்கிவிடும். அஞ்சாப்பில் ஓட்டப்பந்தயத்தில் நானும் முதல், மனப்பாடத்தில் மும்தாஜும் முதல், இரண்டு பேருக்கும் பரிசு, மேசையில் ஒரு நீலப் புத்தகமும் ஒரு சோப்பு டப்பாவும் இருந்தன. நீலத்துணி ஒட்டிய கெட்டி அட்டை, மேலே தங்க எழுத்து. எது வேணும் என்று டீச்சர் என்னிடம்தான் முதலில் கேட்டார்கள். நான் தரையைப் பார்த்தேன். சோப்பு டப்பா வந்தது. மும்தாஜ் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நிமிஷம் என் கையில் கொடுத்தாள், அந்தக் கனம், அந்தத் துணியின் சொரசொரப்பு, திறக்கும்போது முதுகு லேசாக முறிகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு அந்த வாசம், எல்லாம் ஒரு நிமிஷம்தான், அதை வைத்தே நான் ரொம்ப நாள் இருந்திருக்கிறேன்.

இந்த பைண்டிங் கடைக்கு வேலைக்கு வந்த முதல் நாள் கெட்டி அட்டைப் புத்தகங்கள் பலகைக்கு நடுவில் வரிசையாக அழுத்தி வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு அந்த நீலம்தான் ஞாபகம் வந்தது. மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்கத் துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள், அந்தப் புளிப்பு வாசமும் புதுத் துணி வாசமும் கலந்து வரும், யாரும் பார்க்காதபோது உள்ளங்கையை அட்டை மேல் வைப்பேன், ஈரப்பசை உள்ளே இருப்பதால் அட்டை குளிர்ந்து கிடக்கும், சித்திரையில் அதுதான் எனக்குத் தண்ணீர்ப்பந்தல். ராக்கு அக்கா ஒரு தடவை பார்த்துவிட்டது. என்னத்தா, தடவிக்கிட்டே நிக்கிற, பொண்ணு கேட்டு வந்துருக்கா? இந்தக் கெட்டி அட்டை இருக்கே, புது மாப்பிள்ளை கணக்கு, வெறைச்சுக்கிட்டு நிக்கும், பீரோவுல வச்சு அழகு பாக்கலாம். சாதா அட்டைதான் பத்து வருசம் ஆன புருசன், எப்புடி மடக்குனாலும் மடங்கும், தலைக்கு வச்சும் படுக்கலாம். எல்லாரும் சிரித்தார்கள், நானும் முந்தானைக்குள் சிரித்தேன். ஆனால் மனசுக்குள் எனக்குக் கெட்டி அட்டைதான். சாதா அட்டை என்றால் பள்ளிக்கூடத்துப் புத்தகம், மூலை சுருண்டு, நடுவில் பிரிந்து, அம்மா காலண்டர் தாளில் அட்டை போட்டும் தாங்காமல் கார்த்திகைக்குள் முன்பக்கம் காணாமல் போய்விடும். நிற்கிற பொருள் என்றால் நிற்க வேண்டாமா. போன மாதம் வரைக்கும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாதம் செவ்வாய்க்கிழமை, நான் தன்ஷிகாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், காய்ச்சல் இருந்தது, ஆனால் வாயைத் திறந்து இரண்டு வாய் வாங்கிக்கொண்டாள், மூன்றாவது வாயை நீட்டினேன், வாங்கவில்லை, கண் மேலே போயிற்று, உடம்பு நீட்டிக்கொண்டது. இரண்டரை வயசுப் பிள்ளை மடியில் எப்படி உட்காரும், மூட்டை மாதிரி, எங்கே தொட்டாலும் குழைந்து, அந்தப் பிள்ளை பலகையாகிவிட்டாள். முதுகுக்குக் கீழே கையை வைத்து அணைத்தால் வளையவில்லை. அட்டை. என் கைக்குத் தெரிந்த பொருள் அதுதான், அந்த நேரத்திலும் கை அதைத்தான் சொன்னது, அட்டை, அட்டை, இரண்டு பக்கமும் அட்டை வைத்து நடுவில் என் பிள்ளை. இரண்டு நிமிஷம் இருக்குமோ மூன்று நிமிஷம் இருக்குமோ, பக்கத்து வீட்டு ஆட்டோவுக்கு ஆள் ஓடிற்று, பிறகு என் கையிலேயே மெல்ல மெல்ல இளகினாள், முதலில் விரல், பிறகு கழுத்து, பிறகு எல்லாமும் நனைந்த துணி மாதிரி என் தோளில் விழுந்தது, அந்தக் குழைவைக் கண்டு எனக்கு அழுகை வந்தது. காய்ச்சல் ஜன்னி, சின்னப் பிள்ளைகளுக்கு வருவதுதான், வளர வளர நின்றுவிடும், காய்ச்சலை ஏறவிடாதீங்க, அவ்வளவுதான் என்றார் டாக்டர். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வேலைக்கு வந்து கெட்டி அட்டையின் மேல் கை வைத்தேன், குளிர்ச்சி, உள்ளங்கால் மாதிரி. கையை எடுத்துவிட்டேன். இப்போது சாதா அட்டைப் புத்தகத்தைத்தான் எடுத்துப் பார்க்கிறேன், கட்டை விரலை ஓரத்தில் வைத்து விட்டால் பக்கங்கள் விர்ரென்று ஓடி முகத்தில் சின்னக் காற்று அடிக்கும், இரண்டாக வளைத்தால் வளையும், விட்டால் மூச்சு விட்ட மாதிரி நிமிரும், ஓரம் காது மடல் மாதிரி இருக்கும். தன்ஷிகாவுக்கும் அதுதான் பிடிக்கும். ஓரம் வெட்டும் மிஷினிலிருந்து விழும் காகித நாடாக்களைப் பையில் போட்டுக்கொண்டு போவேன், அவள் கால் நீட்டி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சர்ரென்று கிழிப்பாள், ஒவ்வொரு கிழிப்புக்கும் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, ஏதோ நான் கேட்டு அவள் செய்து கொடுத்த மாதிரி. வீடெல்லாம் குப்பை என்று அத்தை சத்தம் போடுவார். இன்றைக்குக் காலையில் நாடாவைப் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை.

கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. முதல் தடவை கை தானாகத் தாண்டியது. ஆறை எடுத்தேன், ஏழின் மேல் வைக்காமல் எட்டின் மேல் வைத்தேன், நடந்துவிட்டேன், பத்துக்குப் போன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய்ச் சேர்த்திருக்கலாம். பின்னால் யாரும் இல்லை. சேர்க்கவில்லை. அந்த ஒரு சுற்றில் மூச்சு கொஞ்சம் லேசாக இருந்தது, அதுதான் வினை. அடுத்த சுற்றில் ஏழின் முன்னால் கை நின்றது. இதை நான் எடுத்தால் நானே எடுத்து வைத்த மாதிரி ஆகிவிடும், நானே என் கையால் ஒவ்வொரு புத்தகத்திலும் அந்தப் பிள்ளையைக் கண் திறக்காமல் படுக்க வைக்கிறேன், ஆயிரம் புத்தகம், ஆயிரம் தடவை, ஒரு தாய் செய்கிற காரியமா. தாண்டினேன். மூன்றாவது தடவை தாண்டும்போது அது நேர்த்திக்கடன் மாதிரி ஆகிவிட்டது, நான் தாண்டுகிற வரைக்கும் காய்ச்சல் ஏறாது. இப்படி ஒன்று மனசில் விழுந்துவிட்டால் நிறுத்துகிறவள்தான் குற்றவாளி. கிறுக்குத்தனம் என்று தெரிகிறது, தெரிந்துகொண்டே நடக்கிறேன், கால் சுற்றுகிறது, ஆறு, எட்டு, ஒன்பது, சின்னச் சட்டையை மடித்து வைத்தாள், பத்து. ஏழு இல்லாத புத்தகத்தை யாரோ வாங்குவார், தொண்ணூற்றாறாம் பக்கம் படித்து முடித்துத் திருப்பினால் நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம் இருக்கும், காய்ச்சலிலிருந்து நேரே கல்யாணத்துக்குப் போய்விடுவார், எவ்வளவு நல்லது. ஆனால் அவர் கடைக்குத் திரும்பி வருவார், கடைக்காரர் அச்சகத்துக்கு, அச்சகத்துக்காரர் இங்கே, சவரிமுத்து அண்ணன் நிமிர்ந்து பார்ப்பார். செல்போன் பையில் இருக்கிறது, பை வாசலில் ஆணியில் தொங்குகிறது, டீ நேரத்துக்கு முன்னால் போனைத் தொடக் கூடாது என்பது சட்டம், டீ நாலு மணிக்கு, இப்போது மூன்றே கால் இருக்கும், கடிகாரம் என் முதுகுப் பக்கம், அடுத்த திருப்பத்தில் தெரியும், தெரிந்தது, மூன்று பத்துதான். கம்பளிக்குள் அவள் வேர்த்திருப்பாள். வேர்த்தால் விட்டுவிடும் என்று அத்தை சொன்னது நிஜமாகவும் இருக்கலாம். உள்ளங்கால் சில்லென்று இருந்தது. தாண்டு. நான் என்னத்தைத் தாண்டுகிறேன், காகிதத்தையா, காலையில் அந்த ஸ்விட்சைத் தாண்டி வந்தேன், டீச்சர் மேசையில் இருந்த நீலப் புத்தகத்தைத் தாண்டி வந்தேன், இப்போது இதை

"ஏத்தா மீனா, நில்லு."

ராக்கு அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது. எழுத்துத் தெரியாது அதற்கு, எண் மட்டும்தான் தெரியும், இருபது வருஷமாக எண்ணை வைத்தே செட் சேர்க்கிற கை.

"எல்லாம் ஒண்ணுபோல எறங்குது, ஏழு மட்டும் என்ன எந்திரிச்சு நிக்குது? நான் எடுக்குறேன், நீ எடுக்குறியா இல்லையா?"

பார்த்தேன். பன்னிரண்டு அடுக்கையும் காலையில் ஒரே உயரத்துக்கு வைத்தது. பதினொன்று ஒரே மட்டத்தில் இறங்கியிருந்தன. ஏழு மட்டும் நாலு விரல் உயரமாக, வரிசையில் உட்காராமல் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி நின்றது. இத்தனை நேரம் அதன் முன்னாலேயே நடந்தேன், என் கண்ணில் அந்த வரி பட்டது, அந்த உயரம் படவில்லை.

"தூங்கிக்கிட்டே நடந்தியா? அண்ணே, இங்க வாங்க, உங்க வாய்பேசா மடந்தை ஒரு காரியம் பண்ணி வச்சுருக்கா."

சவரிமுத்து அண்ணன் வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார். நான் சேர்த்து வைத்த அடுக்கிலிருந்து ஒரு செட்டை எடுத்து முதுகுப்பக்கம் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். பதினொன்று. இன்னொன்றை எடுத்தார். பதினொன்று.

"எத்தனை இருக்கும்?"

நான் தரையைப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில் பசை சொட்டிக் காய்ந்த ஒரு வட்டம்.

"கேக்குறேன்ல. நல்லவேளை இது கெட்டி அட்டைக்குப் போற செட்டு, இன்னும் தையல் போடலை, பிரிச்சு உள்ள சொருகிறலாம். சாதா அட்டைக்குப் போயி முதுகைச் சீவிப் பசை போட்டுருந்தா அம்புட்டும் எடைக்குத்தான். என்னம்மா ஆச்சு?"

நிமிர்ந்து பார்த்தார். அந்த நிமிர்ந்து பார்ப்பது. பதில் வயிற்றுக்குள் இறங்கத் தொடங்கியது, எனக்கே தெரிந்தது, தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து கீழே. அது முழுக்க இறங்கிவிட்டால் சோப்பு டப்பாதான் வரும்.

"அதுல ஒரு பிள்ளை கண்ணத் தொறக்கலண்ணே," என்றேன்.

"எதுல?"

"ஏழுல. தொண்ணூத்தி ஏழாம் பக்கம். எம் பிள்ளைக்குக் காச்சல். போன மாசம் வந்த மாதிரி வரும். நான் போன் பண்ணணும்."

இவ்வளவு நீளமாக நான் அந்தக் கடையில் பேசியதில்லை. ராக்கு அக்கா சிரிக்க வாயெடுத்தது, அடி கிறுக்கி, அது கதைடி, என்றது, பிறகு என் முகத்தைப் பார்த்து அதை அப்படியே விட்டுவிட்டது. சவரிமுத்து அண்ணன் வாசல் ஆணியைக் காட்டினார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஆணியின் பக்கத்தில் முந்தாநாள் செய்து முடித்த கெட்டி அட்டைகள், பலகைக்கு நடுவில். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ அடிக்கும்போது அத்தை எடுத்தார்.

"அத்தை, தன்ஷி?"

"தூங்குறா. நல்ல தூக்கம். கஞ்சி குடுக்கலாம்னு கூப்ட்டேன், கண்ணத் தொறக்க மாட்டேங்குறா."

வலது கை பக்கத்தில் எதையோ பிடித்துக்கொண்டது. பிறகுதான் பார்த்தேன், கெட்டி அட்டை.

"அத்தை, போர்வைய எடுங்க."

"வேர்க்கட்டும்டி, வேர்த்தாத்தான்."

"எடுங்கத்தை. சட்டையக் கழட்டுங்க. ஃபேனைப் போடுங்க. ஈரத்துணிய எடுத்து நெத்தி, கம்முக்கட்டு, தொடை இடுக்கு எல்லாம் தொடைங்க. போனை வைக்காதீங்க, கீழ வச்சுட்டுச் செய்யுங்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அத்தையிடம் நான் எடுங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை, அதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம். பிறகு போனைத் தரையில் வைக்கும் சத்தம். செருப்பில்லாத கால் நடக்கும் சத்தம். பிறகு எங்கள் வீட்டு ஃபேன், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு டக், அந்த டக்கைக் கேட்டுத்தான் நான் மூன்று வருஷமாகத் தூங்குகிறேன், டக், டக், வேகம் பிடித்தது. தண்ணீர் பிழியும் சத்தம். அட்டையை விடவில்லை, விட்டால் எங்கே வைப்பது கையை. குளிர்ந்துதான் இருந்தது. ஆனால் கை வைத்துக்கொண்டே இருந்ததில் அந்த இடம் மட்டும் மெல்லச் சூடேறியது. டக், டக், டக். எண்ணினேன். நாற்பது வரை எண்ணினேன். பிறகு, தூரத்தில், கோபமாக, ஒரு முனகல். ம்ம், ம்ம், ஆச்சி வேணாம். சில்லுனு. வேணாம்.

"முழிச்சுட்டா," என்று அத்தை சொன்னார், குரல் வேறு மாதிரி இருந்தது. "உடம்பு கொதிக்குதுடி. நீ வா."

பையை எடுத்தேன். சவரிமுத்து அண்ணன் ஏழாவது அடுக்கின் முன்னால் உட்கார்ந்து, நான் சேர்த்த செட் ஒவ்வொன்றையும் பிரித்து, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் சொருகிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை, போம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, நாளைக்கு வந்து பேசிக்கலாம், என்றார். ராக்கு அக்கா வாசல் வரை வந்தது. கையில் ஒரு ஃபாரம். எப்போதும் பத்துப் பதினைந்து கூடுதலாக அச்சடித்து வரும், அதில் ஒன்று.

"இந்தா, ஏழு. அந்தப் பிள்ளை என்னாச்சுன்னு படிச்சுட்டு வந்து எனக்கும் சொல்லு. இல்லைன்னா இனி நானும் இதைத் தாண்டித்தான் போவேன் போலருக்கு."

பைக்குள் திணித்துவிட்டுப் போய்விட்டது. ஷேர் ஆட்டோவில் ஆறு பேருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், கீழவாசல் சிக்னலில் நிற்கிறது, இறங்கி ஓடினால் சீக்கிரம் போய்விடலாம் போலத் தோன்றுகிறது, போக முடியாது. பையை மடியில் வைத்துக் கையை உள்ளே விட்டுத் தொட்டுக்கொண்டிருக்கிறேன். கெட்டி அட்டையும் இல்லை, சாதா அட்டையும் இல்லை, அட்டையே போடாத பதினாறு பக்கம், தொட்டால் தோல் மாதிரி இருக்கிறது. மூடின மடிப்புக்குள் விரல் போகிறது, கொஞ்சம் விரித்துக் குனிந்தால் நாலைந்து வரி தெரியும். குனியவில்லை. முதலில் உள்ளங்கால். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும், அவள் எழுந்து கால் நீட்டி உட்காரும் நாளில் இதை மடியில் வைப்பேன். கத்தி வைத்து நான் அறுக்கப் போவதில்லை. அவள்தான் கிழிக்க வேண்டும், சர்ரென்று, கோணல்மாணலாக, வரி பாதியில் போனாலும் போகட்டும், ஒவ்வொரு கிழிப்புக்கும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அவள் கிழிக்கக் கிழிக்க நான் எழுத்துக் கூட்டிப் படிப்பேன்.